மூணு தடவை இறக்கிய கியர் பாக்ஸ்

2023 ஜூன் 17ஆம் தேதி எங்கள் ஜீப்பின் கிளட்ச் போனது. ஒரு தலித் பத்திரிகையில் கிளட்ச் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். சேரியின் பாட்டை எழுதியிருக்கிறேன், கூலியை எழுதியிருக்கிறேன், அடிபட்டதை எழுதியிருக்கிறேன். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து நட்டு கழற்றியதை எழுதியதில்லை. பட்டறைகளில் நம் ஆட்கள் இல்லாமல் இல்லை. மதுரை தெற்குவாசலில், பழங்காநத்தத்தில், மாட்டுத்தாவணிப் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கால்களில் நம் பிள்ளைகளின் கால்களும் இருக்கும். எழுதுகிற கைதான் அங்கே போகவில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா எம்.எம். 540. 1989 மாடல். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். இரண்டாம் உலகப் போரில் ஓட்டுவதற்காக அமெரிக்காக்காரன் செய்த வில்லிஸ் ஜீப்பை 1947இலிருந்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா கம்பெனி. பின்னாளில் எங்கள் வண்டி மாதிரியானவற்றுக்கு பெஜோ என்கிற பிரெஞ்சுக் கம்பெனி வடிவமைத்த 2112 சி.சி. டீசல் எஞ்சினை வைத்தார்கள். ஆக, உடம்பு ஒரு தேசம், நெஞ்சு ஒரு தேசம், ஓடுகிறது மேலூருக்குக் கிழக்கே பெரியாறு கால்வாய்க் கரையில்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜீப் என்றால் அது அவர்களுடையது. போலீசு, தாசில்தார், பி.டி.ஓ. ராத்திரியில் ஜீப் சத்தம் கேட்டால் எங்கள் தெரு ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடுவார்கள். எந்த வழக்கு, யார் மேல் என்றெல்லாம் கேட்க நேரம் இருக்காது. அம்மா அரிக்கேனை ஊதி அணைத்துவிட்டு எங்களைச் சுவரோரமாகப் படுக்கவைக்கும். இந்த ஜீப்பும் ஒரு அரசு அலுவலகத்தில் ஓடிக் கழிந்து ஏலத்துக்கு வந்ததுதான். எங்கள் அமைப்பின் பெரியவர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, தன் காலத்துக்குப் பிறகு எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதை முதல் நாள் எங்கள் தெருவுக்குள் ஓட்டி வந்தபோது ஒரு கிழவி வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்தியது. நான் இறங்கிப் போய் "நாந்தான் ஆத்தா" என்று சொன்ன பிறகுதான் திறந்தது.

பஸ் இருக்கும்போது ஜீப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டீசல் செலவும் எஃப்.சி. செலவும் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மேலவளவைச் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்களிடம் அப்படிக் கேட்காதீர்கள். 1997 ஜூன் 30. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட மேலவளவில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசன் மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் தன் ஆட்களோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் பஸ்ஸை மறித்தார்கள். முருகேசனோடு சேர்த்து 6 பேரை வெட்டிக் கொன்றார்கள். எனக்கு அப்போது 9 வயது. அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வண்டியா இருந்தா நிப்பாட்டாம ஓட்டியிருக்கலாம்" என்றார். சைக்கிள்கூட இல்லாத மனுசன் சொன்னது அது. 17 பேருக்கு 2001இல் ஆயுள் தண்டனை கிடைத்ததும், உச்ச நீதிமன்றம் வரை அது நின்றதும், 2019 நவம்பரில் மீதியிருந்த 13 பேரையும் அரசாங்கம் முன்கூட்டியே வெளியே விட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஒவ்வொரு ஜூன் 30க்கும் மேலவளவு நினைவிடத்துக்கு எங்கள் தெருவிலிருந்து இந்த ஜீப்தான் போகும். அதில்தான் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அந்த வண்டிதான் 13 நாள் இருக்கும்போது கால்வாய்க் கரை மேட்டில் ஏற மறுத்தது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை. ரப்பரும் இல்லை, வயரும் இல்லை, தலைமுடி தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். வண்டியை உருட்டிக்கொண்டுதான் வீடு வந்தோம்.

மதுரையில் இரண்டு பட்டறைகளுக்குப் போனேன். பேர் வேண்டாம். ஒன்றில் பழைய ஜீப் என்றதுமே சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. இன்னொன்றில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "எந்த ஊரு?" என்றார் முதலாளி. சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாதவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் என்று சொன்ன பிறகு ஆள் அனுப்புவதற்கு ஆள் இல்லாமல் போனது.

கடைசியில் வந்தவர் ஒரு அண்ணன். ஒத்தக்கடைப் பக்கம் சாலையோரம் புளியமரத்தடியில் தொழில் பார்ப்பவர். அம்பது வயது இருக்கும். அருந்ததியர். அவருடைய அப்பா செருப்புத் தைத்தவர், கமலை இறைத்த காலத்தில் கமலைத் தோலும் தைத்தவர். இவர் 12 வயதில் மதுரையில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஆறு வருஷம் டீசலில் சாமான் கழுவுவதும், பிரேக் டிரம்முக்குள்ளும் கிளட்ச் கூட்டுக்குள்ளும் இருக்கிற தூசியை ஏர் பைப் வைத்து ஊதுவதும்தான் வேலை. ஸ்பேனரைத் தொட்டால் அடி. "அப்புறம் எப்படிண்ணே பழகுனீங்க?" என்றேன். "கழட்டிப் போடுற சாமான் எல்லாம் கழுவுறதுக்கு எங்கிட்டதான வரும் டீச்சரே. எது எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு கழுவிக் கழுவியே மனப்பாடம்" என்றார். இரவுப் பள்ளிக்கூடம் நடத்துவதால் என்னை எல்லாரும் டீச்சர் என்பார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

ஜூன் 20 காலையில் அம்மா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தது. பேப்பர் கப்பில். எங்கள் வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை கேட்டுக் கேஸ் போட்ட வீடு இது. அந்தப் பேப்பர் கப்பைக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவரச் சொல்லியிருக்கிறது அம்மா. அண்ணன் வாங்கிக் குடித்தார். கசக்கித் தூரப் போட்டார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில் பேசிய பேச்சை எல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஊர்க்காரன் எங்களுக்குச் செய்தால் தீண்டாமை, நாங்கள் செய்தால் பழக்கம்.

கிளட்ச் என்பதை அண்ணன் எனக்குத் திருகையை வைத்து விளக்கினார். கீழ்க்கல் எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீல். மேல்கல் பிரஷர் பிளேட், அதுவும் எஞ்சினோடுதான் சுற்றும். ரெண்டுக்கும் நடுவில் மாவுக்குப் பதிலாக ஒரு தட்டு. அந்தத் தட்டின் நடு ஓட்டையில் பல் இருக்கிறது, அதில் கியர் பாக்ஸிலிருந்து வருகிற ஷாஃப்ட் நுழைகிறது. ஸ்பிரிங் அழுத்திப் பிடித்தால் தட்டும் சேர்ந்து சுற்றும், வண்டி நகரும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் விரல்களைத் தள்ளும், பிடி விடும், தட்டு தனியாக நிற்கும். கியர் விழுவது அந்த விட்ட நேரத்தில்தான். பிடிக்கும்போது வழுக்கினால் ஒரு வியாதி, விட வேண்டிய நேரத்தில் விடாவிட்டால் இன்னொரு வியாதி. எங்கள் வண்டிக்கு வந்தது முதல் வியாதி. நாங்கள் வைத்தியம் பார்த்து இரண்டாவது வியாதியைக் கொண்டுவந்தோம்.

கழற்றுவதற்கு முன் அண்ணன் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "பாருங்க, விளையாட்டே இல்ல." மேலே ஒரு இஞ்ச் தூரம் பெடல் சும்மா போய்வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பேரிங் விரலைத் தொட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் நாம் மிதிக்காமலே கொஞ்சம் மிதித்தபடியே வண்டி ஓடும். தட்டு வழுக்கி வழுக்கிக் கருகும். "தட்டு தேயத் தேய அந்த ஒரு இஞ்ச் குறையும். அப்பப்ப ராடைத் திருகிச் சரிபண்ணணும். யாரும் பண்ணலையா?" என்றார். யாரும் பண்ணவில்லை. "வேற ஏதும் சத்தம் கித்தம் வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். இந்த இல்லைக்குப் பின்னால் வருகிறேன்.

ஜீப்பில் கியர் பாக்ஸ் தனியாக இல்லை. நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்க ஷாஃப்டையும் கழற்ற வேண்டும், உள்ளே தரைத்தகட்டைக் கழற்ற வேண்டும், குறுக்குச் சட்டத்தை இறக்க வேண்டும். பிறகு நாலு பேர் பிடித்து எஞ்சினுக்கு நேர் பின்னால் இழுக்க வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேரும் நானும் பிடித்தோம். தட்டு வெளியே வந்தபோது ஒரு பக்கம் எண்ணெய் அப்பியிருந்தது. அண்ணன் விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார், என் மூக்கிலும் நீட்டினார். "எஞ்சின் ஆயில் கருப்பா இருக்கும். இது நாறுது பாருங்க, இது கியர் ஆயில்." கசிவு கியர் பாக்ஸ் பக்கமிருந்து. அங்கே பேக்கிங்கும் சீலும் மாற்றினார். தட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுத் தட்டும் மாசத்தில் எண்ணெயில் ஊறியிருக்கும்.

கூட்டுக்குள் இருந்த தூசியை ஒரு பையன் வாயால் ஊதப் போனான். அண்ணன் அவன் கையைத் தட்டிவிட்டார். ஈரத்துணி கேட்டார். நனைத்துத் துடைத்தார். பழைய தட்டுகளில் கல்நார் இருக்கும். அதன் தூசி நெஞ்சில் இறங்கினால் வெளியே வராது, பல வருஷம் கழித்து மூச்சை அடைக்கும், புற்றாகவும் மாறும். 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளிகளின் உடல்நலம் அவர்களின் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புளியமரத்தடிப் பட்டறைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை. ஆறு வருஷம் ஏர் பைப் பிடித்தவருக்கு இன்றைக்கும் காலையில் எழுந்தால் அரை மணி நேரம் இருமல்.

நான் படித்த ஒரு விசயத்தை அவரிடம் சொன்னேன். மோட்டார் கார் வந்த புதிதில் கூம்பு மாதிரி கிளட்ச் இருந்தது, அதன் மேல் பிடிமானத்துக்குத் தோல்தான் ஒட்டுவார்கள், காய்ந்து போனால் எண்ணெய் தடவிப் பதப்படுத்துவார்கள் என்று. அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அட! அப்ப அதுவும் எங்கப்பன் வேலைதானா?"

ஜூன் 22இல் புதுத் தட்டைப் போட்டோம். ஸ்பிரிங் புடைத்திருக்கிற பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும், அதைச் சரியாகத்தான் போட்டோம். ஆனால் தட்டை நடுவில் நிறுத்துவதற்கு வேண்டிய டம்மி ஷாஃப்ட் இல்லை. அண்ணன் கண்மட்டத்தில் நிறுத்தினார். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கியர் பாக்ஸைத் தூக்கி உள்ளே விட்டோம். ஷாஃப்ட் தட்டுக்குள் நுழைந்தது, அதற்கு மேல் போகவில்லை. அரை இஞ்ச் இடைவெளி. நுனி எங்கேயோ முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பையனுக்குக் கால் வழுக்கி, கியர் பாக்ஸின் மொத்தப் பாரமும் அந்தத் தட்டின் நடுவில் தொங்கியது. ஓடி முட்டுக் கொடுத்தோம். அண்ணன் ஜாக்கி எடுக்க அந்தப் பக்கம் போனார். அரை இஞ்ச்தானே என்று நான் போல்ட்டை மாட்டிச் சுற்றுப் போட்டு இறுக்கத் தொடங்கினேன். இறுக்க இறுக்க இடைவெளி குறைந்தது. எனக்கு ஒரே பெருமை. திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போல்ட்டால இழுக்கக் கூடாது டீச்சரே. தானா போகணும். கையால தள்ளுனா வழுக்கிக்கிட்டுப் போய் உக்காரணும். போகலைன்னா உள்ள ஏதோ சொல்லுது."

சரி, உட்கார்ந்துவிட்டது, பார்ப்போம் என்று எல்லாவற்றையும் பூட்டினோம். ஸ்டார்ட் பண்ணினால் கியர் விழவில்லை. கரகரவென்று அரைத்தது. எஞ்சினை நிறுத்தினால் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஓடும்போது விழவில்லை. பெடலை முழுசாக மிதித்துப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். அரைத்தது. பிடி விட்டிருந்தால் பத்து எண்ணுவதற்குள் உள் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ராடைத் திருகிப் பார்த்தோம், ஃபோர்க் முழுத் தூரம் போகிறதா என்று ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். போகிறது. வெளியே குற்றமில்லை. திரும்ப இறக்க வேண்டியதுதான்.

இறக்கினால் புதுத் தட்டின் நடு வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு, சமமான கல்லில் வைத்தால் ஆடியது. வளைந்த தட்டு எங்கேயாவது ஒரு ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும், விடாது. எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்று எழுதிவிட்டால் நமக்கு வேலை சுலபம். அன்றைக்குக் கியர் விழாததற்குக் காரணம் என் அவசரம். இரண்டாவது தட்டு வாங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க வைத்திருந்த காசில்.

தட்டு வருவதற்கு இரண்டு நாள் ஆனது. வண்டி வயிற்றைத் திறந்துபோட்டபடி தெருவில் கிடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்து ஒரு பையன், பாபாசாகேப் என்ன வண்டி வைத்திருந்தார் என்று கேட்டான். வண்டியால் அவர் பட்ட கதையைச் சொன்னேன். அவரே எழுதியதுதான், 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று 1990இல் புத்தகமாக வந்தது. 1901இல் சின்னப் பையனாக, அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் வந்து இறங்குகிறார். மகார் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் எவனும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலிக்கு ஒருவன் ஒப்புக்கொள்கிறான், வண்டியைப் பிள்ளைகள் ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான் என்ற நிபந்தனையோடு. 1929இல் சாலிஸ்காவில் அதே கதை மறுபடியும். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு போட்ட கமிட்டியின் உறுப்பினர். குதிரை வண்டிக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். அவரை நடக்க வைப்பதா என்று மகார் சனங்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கித் தங்களில் ஒருவரை ஓட்டச் சொல்கிறார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. சிறுபாலத்தில் சக்கரம் சிக்கி, பாபாசாகேப் கல்லில் தூக்கியெறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது.

பையன்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணன்தான், "அவரு மேல தப்பில்ல. ஓட்டுனவரு மேலயும் தப்பில்ல. பழக விட்டாத்தான?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஊதுன தூசிக்கு ஒருத்தனாச்சும் ஸ்பேனரைக் கையில குடுத்திருந்தா ஆறு வருசம் மிச்சம்" என்றார்.

ஜூன் 25. இந்தத் தடவை பழைய இரும்புக் கடையில் உடைந்த ஷாஃப்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் நுனியை டம்மியாக வைத்துத் தட்டை நடுவில் நிறுத்தினார். ஜாக்கி மேல் பலகை வைத்துக் கியர் பாக்ஸை ஏந்தினோம். பின்பக்கத்து ஷாஃப்டை விரலால் லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளியபோது பல்லும் பல்லும் சந்தித்து, கிளக் என்று தானாகப் போய் உட்கார்ந்தது. தெருவே கைதட்டியது. கியர் விழுந்தது. ஒரு ரவுண்டு போய்வந்தேன். திரும்பி வரும்போது வண்டி சூடேறியதும் மறுபடி ரிவர்ஸ் அரைத்தது. பெடலை மிதித்துக் கியரில் போட்டு நின்றால் கீச்சென்று ஒரு சத்தம்.

அண்ணன் காதை வைத்துக் கேட்டார். "பெடலை லேசாத் தொட்டதும் கத்துனா அது ரிலீஸ் பேரிங். முழுசா மிதிச்சு கியர்ல நிக்கையில கத்துனா பைலட் பேரிங்." ஷாஃப்டின் நுனி போய் உட்கார்வதற்கு கிராங்க் ஷாஃப்டின் கடைசியில் ஒரு குழி இருக்கிறது, அதில் ஒரு சின்ன பேரிங். அது இறுகிவிட்டால் கிளட்ச் விட்ட பிறகும் எஞ்சின் அந்த நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டேயிருக்கும். "இந்தச் சத்தம் முன்னாடி வந்ததில்லையா டீச்சரே?"

வந்தது. ரெண்டு மாசமாக வந்தது. ரயில்வே கேட்டில் கியரில் போட்டுப் பெடலை மிதித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் கேட்டேன். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டபோதும் இல்லை என்றேன். ஒத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கிட்டயும் தப்பிருக்கு. மொதத் தடவையே விரலை விட்டுச் சுத்திப் பாத்தேன். லேசாப் பிடிச்சுச்சு. உங்க செலவக் குறைப்போம்னு ஓடட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

மூன்றாவது தடவையாக ஜூன் 28 சாயங்காலம் இறக்கினோம். குழிக்குள் இருக்கிற பேரிங்கைப் பிடித்து இழுக்க வழியில்லை. புல்லர் கிடையாது. அண்ணன் குழி நிறைய கிரீஸை அப்பினார். ஓட்டைக்குச் சரியாக இருக்கிற ஒரு இரும்புக் கம்பியை அதில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். கிரீஸுக்குப் போக இடமில்லாமல் பின்பக்கமாகப் போய் பேரிங்கை வெளியே தள்ளியது. இன்னும் கொஞ்சம் கிரீஸ், இன்னும் நாலு அடி. பேரிங் கையில் விழுந்தது. எம்.ஏ.யில் எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்த அழகை எதிலும் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அம்மா டீ போட்டது. பேப்பர் கப். அண்ணன் வாங்கவில்லை. "பெரிம்மா, கை பூரா கிரீஸு. இந்தக் கப்பு வழுக்குது. டம்ளர்ல குடுங்க" என்றார். குரலில் ஒன்றுமில்லை, ஸ்பேனர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தது. நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வந்தது. அந்த டம்ளரைக் கழுவி எங்கே வைத்தது என்று நான் பார்க்கவில்லை.

29ஆம் தேதி மத்தியானம் பூட்டி முடித்தோம். சத்தமில்லை. மிதித்து, பத்து எண்ணி, ரிவர்ஸ். விழுந்தது. "நாளைக்கு நீங்களும் வாங்கண்ணே, மேலவளவுக்கு" என்றேன். அவர் சாமானைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "அங்க வர்ற கூட்டத்துல என்னைய எங்க நிப்பாட்டுவீங்க டீச்சரே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் எல்லாரும் ஒன்றுதான் என்றோ என்னவோ சொன்னேன். மேடையில் சொல்கிற வார்த்தை, அந்த இடத்தில் நிற்கவில்லை. "இல்ல, ஒரு லாரிக்காரரு வரச் சொல்லியிருக்காரு. போயிட்டு வாங்க. மொதக் கொஞ்ச நாளைக்கு மேட்டுல பாதிக் கிளட்ச்ல நிக்காதீங்க" என்றார்.

30ஆம் தேதி காலையில் போனோம். வண்டியில் ஒன்பது பேர். மேலூர் தாண்டிக் கால்வாய் மேட்டில் ஏறும்போது யாரும் பேசவில்லை. ஏறியது.

பத்து நாள் கழித்து அண்ணன் அவராகவே வந்தார். புதுத் தட்டு படிந்திருக்கும், பார்க்க வேண்டும் என்று. அம்மா டம்ளரிலேயே டீ கொடுத்தது. குடித்துவிட்டுப் பழக்கத்தில் டம்ளரைக் கழுவி வைக்கக் குழாய்ப் பக்கம் நடந்தார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றது. நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். "கிரீஸா இருக்கு டீச்சரே" என்றார். என் கையும் கிரீஸாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் போட்டேன். அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

பெடலில் முக்கால் இஞ்ச்தான் இருந்தது. அவர் சொல்ல, நான் அடியில் படுத்து ராடைத் திருகினேன். ரெண்டு சுற்றில் ஒரு இஞ்சுக்கு வந்தது.